ஃபட்டோர்டாவின் பூட்டிய வாசல்

மார்ச் 12, 2020, வியாழன் – மட்காவ்

ஹூப்ளியிலிருந்து வந்த ரயில் காசில் ராக் தாண்டி மலையிறங்கியபோது தூத்சாகர் அருவியில் தண்ணீர் மெலிந்திருந்தது. ஆனாலும் பெட்டியில் இருந்த அத்தனை பேரும் ஒரே பக்கச் சன்னலுக்கு வந்து நின்றார்கள். என் தாய்மாமாவும் எழுந்து போய், முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல், அருவி மறையும் வரை நின்றுகொண்டே பார்த்தார். பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் அவர். இளமையில் வடசென்னைக் கால்பந்து மைதானங்களில் வலது விங்கில் ஓடியதன் மிச்சம் அந்த முழங்கால். சனிக்கிழமை இரவு கோவாவின் மட்காவ் நகரிலுள்ள ஃபட்டோர்டா நேரு அரங்கத்தில் எங்கள் சென்னையின் எஃப்.சி.யும் கொல்கத்தாவின் ஏடிகேயும் மோதும் இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து இறுதிப்போட்டியைப் பார்ப்பதற்காகவே இருவரும் கிளம்பி வந்தோம்.

பிற்பகலில் மட்காவில் இறங்கினோம். வெயில் சுள்ளென்று இல்லை. ஆனால் காற்றில் ஈரம் அதிகம், ஐந்து நிமிடம் நடந்தால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. இந்த ஊரில் மஞ்சள் மட்கார்டு போட்ட மோட்டார் சைக்கிள்களே வாடகை வண்டிகள். ஓட்டுபவரைப் ‘பைலட்’ என்று அழைக்கிறார்கள். ஆளுக்கு ஐம்பது ரூபாய் பேசி, இரண்டு பைலட்டுகள் எங்களைச் சந்தைக்குப் பின்புறம் இருந்த பழைய விடுதிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மாமா அணிந்திருந்த நீல ஜெர்சியைப் பார்த்துவிட்டு ஒருவர், “நீங்கள்தானா எங்களை வெளியேற்றியவர்கள்?” என்று இந்தியில் கேட்டார். குரலில் வருத்தம் இருந்தது, பகை இல்லை. போன சனிக்கிழமைதான் இதே ஊரில் கோவா அணி எங்களை 4–2 என்று வென்றது. சென்னையில் முதல் ஆட்டத்தை நாங்கள் 4–1 என்று வென்றிருந்ததால், மொத்தக் கணக்கில் 6–5 என்று நாங்கள் தப்பித்து இறுதிக்கு வந்தோம். வென்றும் வெளியேறிய ஊரில் தோற்றும் உள்ளே வந்தவர்களாக நாங்கள் நடமாடுவதை இங்கே யாரும் முகம் சுளித்துப் பார்க்கவில்லை.

மாலையில்தான் செய்தி வந்தது. கொரோனா நோய்த்தொற்றின் காரணமாக, சனிக்கிழமை இறுதிப்போட்டி பார்வையாளர் எவரும் இல்லாமல் பூட்டிய அரங்கத்தில் நடக்கும் என்று அறிவித்துவிட்டார்கள். முந்தைய நாள்தான் உலக சுகாதார நிறுவனம் இதை உலகப் பெருந்தொற்று என்று சொல்லியிருந்தது; கலபுரகியில் இறந்த முதியவரின் மரணம்தான் இந்நோயால் இந்தியாவில் நிகழ்ந்த முதல் சாவு என்று இன்றைய செய்தி உறுதிப்படுத்தியது. முடிவு சரியானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும், கையில் நுழைவுச்சீட்டோடு அரங்கத்துக்குச் சில கிலோமீட்டர் தூரத்தில் ஒரு கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து அதைப் படிக்கும்போது நெஞ்சு அடைத்தது.

ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று மாமாவிடம் கேட்டேன். அவர் வெகுநேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பசங்க உள்ளே ஆடப்போறாங்க மாப்ளே. நாம வெளியிலயாவது இருக்கணும்” என்றார்.

மார்ச் 13, வெள்ளி – மட்காவ், ஃபட்டோர்டா

விடுதி உரிமையாளர் எழுபது வயதைக் கடந்த கோவாக்காரர். காலையில் எங்களுக்கு ‘போய்’ என்னும் ரொட்டியைத் தருவித்தார். மேலே தவிடு தூவி, உள்ளே காற்றறையோடு இருக்கும் இந்த ரொட்டியை விடியற்காலையில் சைக்கிளில் ரப்பர் ஹாரன் அடித்துக்கொண்டு விற்கிறார்கள். ஒன்று ஐந்து ரூபாய். கூடவே பட்டாணி பாஜி. பெரியவர் எங்களுக்கு எதிரே உட்கார்ந்து, தான் பார்த்த கால்பந்தைப் பேசத் தொடங்கினார். டெம்போ, சல்காவ்கர் என்று கோவாவின் கம்பெனி அணிகள் நாட்டையே ஆண்ட காலம், அந்த இரண்டு அணிகளும் 2016-இல் நாட்டின் மற்றொரு கால்பந்து லீக்கான ஐ-லீக்கிலிருந்து விலகியபோது தன் நண்பர்கள் அரங்கத்துக்குப் போவதையே நிறுத்திவிட்ட கதை, எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். கால்பந்தைத் தன் மாநில விளையாட்டாக அறிவித்துக்கொண்ட ஊர் இது. அந்தப் பெருமை அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

பிறகு 2015 டிசம்பர் 20-ஐப் பற்றிப் பேச்சு வந்தது. அன்றைய இறுதிப்போட்டி இதே ஃபட்டோர்டாவில் கோவாவுக்கும் சென்னைக்கும் நடந்தது. 87-ஆவது நிமிடத்தில் கோவா 2–1 என்று முன்னேற, ஊரே கொண்டாடத் தொடங்கியது. அடுத்து கோவா கோல்கீப்பரின் கையில் பட்ட பந்து சொந்த வலைக்குள் போக, தொண்ணூறு நிமிடத்துக்குப் பின் கூட்டித் தரும் இஞ்சுரி டைமில் மெண்டோசா அடித்த கோலால் கோப்பை சென்னைக்கு வந்தது. அன்று நான் திருவல்லிக்கேணியில் ஒரு டீக்கடைத் தொலைக்காட்சியின் முன்னால் குதித்துக்கொண்டிருந்தேன். இந்தப் பெரியவரோ அரங்கத்துக்குள் இருந்திருக்கிறார். ஆட்டம் முடிந்த பிறகும் வீட்டுக்குப் போக மனமின்றி உட்கார்ந்திருந்ததாகவும், அந்த ஆண்டு தன் அணி ஆடிய ஆட்டத்தை அந்த ஐந்து நிமிடங்களால் யாரும் தன்னிடமிருந்து பறித்துவிட முடியாது என்று தன் பேரனிடம் சொன்னதாகவும் கூறினார். அதை எனக்கான ஆறுதலாக அவர் சொல்லவில்லை. இறுதிப்போட்டியோ இன்னும் நடக்கவே இல்லை. ஆனால் அந்தச் சொல் என் மனதில் தங்கிவிட்டது.

மதியம் அவரே சொன்ன ஒரு சிறிய கடையில் மீன் சாப்பாடு: சிவப்பரிசிச் சோறு, தேங்காய் அரைத்த பாங்டா குழம்பு, ரவையில் புரட்டிப் பொரித்த ஒரு துண்டு, கொகம் என்னும் புளிப்புப் பழம் சேர்த்த சோல் கடி பானம், மொத்தம் நூற்றைம்பது ரூபாய். பாங்டா நம் அயிலைதான் என்று மாமா முதல் கவளத்திலேயே சொல்லிவிட்டார். நம் ஊர்க் குழம்பில் புளி செய்யும் வேலையை இங்கே கொகம் செய்கிறது. கடைக்கார அம்மாள் மாமாவின் தட்டில் கேட்காமலேயே இரண்டாம் முறை குழம்பு ஊற்றினார். மருந்துக்கடையில் சாதாரண முகக்கவசம் ஒன்றுக்கு முப்பது ரூபாய் கேட்டார்கள். கைகழுவும் திரவம் இருப்பில் இல்லை.

வெயில் தாழ்ந்ததும் ஃபட்டோர்டா வரை நடந்தோம். வாசலில் இரண்டு அணிகளின் படங்களோடு பெரிய பதாகைகள் கட்டியிருந்தார்கள். காவலர் ஒருவர் எங்களைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து, உள்ளே விட இயலாததற்குத் தானே பொறுப்பாளர் என்பதைப் போல வருத்தம் தெரிவித்தார். பிறகு, அரங்கத்தின் பெயர் தெரியும்படி எங்களை நிற்கவைத்து என் கைபேசியில் படமெடுத்துத் தந்தார்.

அங்கே, பூட்டிய வாசலுக்கு எதிரே ஒரு மதில்மேல் உட்கார்ந்துதான் இந்தப் பருவத்தை முதலிலிருந்து நினைத்துப் பார்த்தோம். சென்ற பருவத்தில் 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள் மட்டும் எடுத்துக் கடைசி இடத்தில் முடித்த அணி இது. இந்தப் பருவமும் அப்படியே தொடங்கியது: கோவாவிடம் 0–3, மும்பையோடு 0–0, சொந்த ஊரில் ஏடிகேயிடம் 0–1, பெங்களூருவிடம் 0–3. நான்கு ஆட்டங்கள், ஒரு கோல்கூட இல்லை. நவம்பர் 25 இரவு, பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் காலி நாற்காலிகளுக்கு நடுவே ஹைதராபாத்துக்கு எதிரான ஐந்தாவது ஆட்டத்தையும் கோலின்றியே 90 நிமிடங்கள் பார்த்தோம். இஞ்சுரி டைமின் இரண்டாவது நிமிடத்தில் ஷெம்ப்ரி அடித்தார். அதுதான் இந்தப் பருவத்தில் எங்களுடைய முதல் கோல். அடுத்த மூன்றாம் நிமிடத்தில் ஹைதராபாத் சமன் செய்தது. எழுந்து போகத் தொடங்கியவர்கள் படிக்கட்டில் நின்றிருந்தபோது, ஏழாவது நிமிடத்தில் வால்ஸ்கிஸ் வென்று கொடுத்தார். மாமா அன்று அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதற்கு முன்பு என் பாட்டியின் மறைவின்போதுதான்.

அந்த வாரமே பயிற்சியாளர் ஜான் கிரெகரி விலகினார். 2018-இல் நமக்குக் கோப்பை வாங்கித் தந்தவர் அவர். அதை மறக்கக் கூடாது. டிசம்பரில் வந்த ஸ்காட்லாந்துக்காரர் ஓவன் காயில், 2009-இல் பர்ன்லி அணியை இங்கிலாந்தின் பிரீமியர் லீக்குக்கு உயர்த்தியவர். அவர் பெரிய மாற்றம் எதையும் செய்யவில்லை என்பது என் கருத்து: வீரர்கள் அதே வீரர்கள்தான், பந்தை முன்னோக்கி அனுப்பும் துணிவை மட்டும் அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார். பின்கோடு வரை ஒதுங்கியிருந்த அணி எதிராளியின் பாதியிலேயே பந்தைப் பறிக்கத் தொடங்கியது. கிரிவெல்லாரோவின் இடது கால், சாங்தேயின் ஓட்டம், நடுகளத்தில் அனிருத் தாபாவின் ஓயாத உழைப்பு, சென்னை சிட்டி என்னும் அணிக்காக ஐ-லீக் வென்றுவிட்டு இங்கே வந்த நெய்வேலிக்காரர் எட்வின் எல்லாம் ஒன்றுசேர்ந்தன. ஜனவரி 6-இல் ஒடிசாவிடம் தோற்ற பிறகு லீக் சுற்று முடியும் வரை அணி தோற்கவே இல்லை. கொச்சியில் கேரளாவை 6–3, கொல்கத்தாவில் இதே ஏடிகேயை 3–1, பிறகு மும்பையில் கோயன் அடித்த ஒரே கோலால் கடைசி நால்வரில் இடம். புள்ளிப்பட்டியலின் அடியிலிருந்து நான்காம் இடத்துக்கு ஏறி வந்த அந்த இரண்டு மாதங்களில், வேலை முடிந்து களைத்து வந்த நாள்களில்கூட மாமாவின் தொலைபேசி அழைப்புக்காக நான் காத்திருந்தேன். அப்பா இறந்த பிறகு எங்கள் இருவருக்கும் பேசப் பொதுவாக எதுவும் இல்லாமல் போயிருந்தது. இந்த அணி அதைக் கொடுத்தது.

மார்ச் 14, சனி – கோல்வா, மட்காவ்

காலையில் கோல்வா கடற்கரைக்குப் பேருந்தில் போனோம். பயணிகள் குறைவு, குடைகள் விரித்தபடி காலியாகக் கிடந்தன. மெரினாவைப் போல அலை அடித்து இழுக்காமல், நெடுந்தூரம் முழங்கால் ஆழமே இருந்ததால் மாமா வெகுதூரம் உள்ளே நடந்து போனார். திரும்பும் வழியில் ஒரு பெண் கூடையில் முந்திரிப் பழம் விற்றார். பருவம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. ஊரெங்கும் அதன் புளித்த வாசனை வீசுகிறது, ஏனெனில் பழத்தைப் பிழிந்து காய்ச்சும் உர்ராக் சாராயம் இந்த மாதங்களில் மட்டுமே கிடைக்கும்.

ஆட்டத்தைப் பார்க்க விடுதிப் பெரியவர் தமக்குத் தெரிந்த ஒரு மதுக்கடைக்கு எங்களை அழைத்துப் போனார். ஆறேழு மேசைகள், சுவரில் ஒரு தொலைக்காட்சி, அதன் கீழே மெழுகுவர்த்தி எரியும் சிறிய சிலுவை. பத்துப் பதினைந்து உள்ளூர்க்காரர்கள் இருந்தார்கள். ஒரு மூலையில் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட ஜெர்சியில் இரண்டு பேர். கொல்கத்தாவிலிருந்து வந்து, எங்களைப் போலவே வாசலில் நின்றுவிட்டுத் திரும்பியவர்கள். அண்ணன் தம்பிகள். அவர்களுடைய வருத்தம் வேறொன்று: அடுத்த பருவத்தில் ஏடிகே மோகன் பகானோடு இணைகிறது, ஆகவே இந்தப் பெயரில் தங்கள் அணி ஆடும் கடைசி ஆட்டம் இது, அதையும் உள்ளே போய்ப் பார்க்க முடியவில்லை.

ஏழரை மணிக்கு ஆட்டம் தொடங்கியது. காலி அரங்கில் பந்தை உதைக்கும் ஒலி தெளிவாகக் கேட்டது. கோல்கீப்பர் தன் தடுப்பாட்டக்காரர்களை அதட்டுவதும், வெளிக்கோட்டருகே காயில் கத்துவதும் கடைக்குள் வந்து விழுந்தன. தொடக்கத்திலேயே வால்ஸ்கிஸ் அடித்த பந்து கிராஸ்பாரில் மோதித் திரும்பியது. மாமா தன் தலையில் கை வைத்துக்கொண்டார். பத்தாவது நிமிடத்தில் ராய் கிருஷ்ணா அனுப்பிய பந்தை ஹாவி எர்னாண்டஸ் அப்படியே வலைக்குள் அடித்தார். பிறகு அரைமணி நேரம் சென்னைதான் ஆடியது. காயத்தால் கிருஷ்ணா வெளியேறியபோது, அந்த அண்ணன் தம்பியின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் எங்கள் உதைகள் எல்லாம் கீப்பர் அரிந்தமின் கைகளிலும் எதிரணிக் கால்களிலும் நின்றுபோயின. இடைவேளை முடிந்து மூன்றாம் நிமிடத்தில் எடு கார்சியா இரண்டாவது கோலை அடித்தார்.

அறுபத்தொன்பதாவது நிமிடத்தில் வால்ஸ்கிஸ் ஒன்றைத் திருப்பித் தந்தபோது, கோவாக்காரர்கள் உட்பட கடையே எழுந்து நின்றது. இந்தப் பருவத்தில் அவருடைய பதினைந்தாவது கோல் அது; கேரளாவின் ஓக்பெச்சேயும் ஏடிகேயின் கிருஷ்ணாவும் அதே எண்ணிக்கையில் இருக்க, அதிகக் கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி விருது அவருக்கே கிடைத்தது. அதன் பிறகு இருபது நிமிடங்கள் கடையில் யாரும் மதுக்கோப்பையைத் தொடவில்லை. என்னால் அந்த நிமிடங்களை ஒழுங்காக எழுத முடியவில்லை. எத்தனை முறை பந்து எதிரணிப் பெட்டிக்குள் போயிற்று, எத்தனை முறை மாமா என் தோளைப் பிடித்து அழுத்தினார் என்பது மட்டுமே நினைவில் இருக்கிறது. இஞ்சுரி டைமின் மூன்றாம் நிமிடத்தில், எங்கள் ஆள்கள் எல்லோரும் முன்னே ஏறியிருந்த வேளையில், எர்னாண்டஸ் மீண்டும் அடித்தார். 3–1.

கொல்கத்தாக்காரர்கள் குதிக்கவில்லை. எங்கள் மேசைக்கு வந்து கை நீட்டினார்கள், பிறகு நிலைமை நினைவுக்கு வரக் கையை இழுத்துக்கொண்டு கும்பிட்டார்கள். மூத்தவர், கொல்கத்தாவில் எங்கள் அணி அவர்களை வென்ற ஆட்டத்தை நேரில் பார்த்ததாகவும், இந்த லீக்கில் இந்தப் பருவம் அதைவிட அழகாக எந்த அணியும் ஆடி அவர் பார்த்ததில்லை என்றும் ஆங்கிலத்தில் சொன்னார். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். மாமா எழுந்து அவருக்குக் கும்பிட்டு, பதிலுக்கு அவர்களுடைய கீப்பரைப் பாராட்டினார். கடைக்காரர் எங்கள் மேசைக்குப் பணம் வாங்க மறுத்தார்.

தொலைக்காட்சியில் காலி நாற்காலிகளுக்கு முன்னால் காகிதத் துண்டுகள் பறக்க, கோப்பையைத் தூக்கினார்கள். எனக்கு வலித்தது. ஆனால் எங்கள் வீரர்கள் அந்த வெறுமையின் நடுவே, கைதட்ட ஒருவரும் இல்லாமல், வரிசையில் நின்று பதக்கம் வாங்கியதைப் பார்த்தபோதுதான் தாங்க முடியாமல் போனது. நவம்பரில் அவர்கள் கோலே அடிக்காமல் தோற்ற நாள்களில்கூட அவர்களுக்காகக் கத்துவதற்குச் சில நூறு பேராவது இருந்தோம். அதற்கு உரியவர்களாக அவர்கள் ஆன நாளில் நாங்கள் அங்கே இல்லை.

மார்ச் 15, ஞாயிறு – கார்வார் வழியாக ஹூப்ளி

விடுதிப் பெரியவர் வாசல் வரை வந்து, பொட்டலமாகக் கட்டிய பெபிங்கா இனிப்பை மாமாவின் பையில் வைத்தார். அடுக்கடுக்காகத் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்துச் சுட்ட பண்டம் அது. அடுத்த முறை கோவா அணி ஜெயிக்கும்போது வரச் சொன்னார். லீக் சுற்றில் முதலிடம் பிடித்து, ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் குழுச் சுற்றில் ஆடப்போகும் முதல் இந்திய அணியாகக் கோவா ஆகியிருப்பதை மாமா நினைவூட்டியதும் அவர் முகம் மலர்ந்தது.

ரயிலில் இடம் கிடைக்காததால் தனியார் பேருந்து. கார்வாரில் காளி ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்வரை எல்லாம் நன்றாகவே போனது. அங்கோலாவுக்குப் பின் அரபயில் மலைப்பாதை ஏறும்போது எஞ்சினில் புகை வந்து வண்டி நின்றது. மாற்று வண்டி வர நான்கு மணி நேரம் ஆகும் என்றார்கள். கைக்குழந்தையோடு வந்த ஒரு தம்பதிக்காக, சாலையோரத் தேநீர்க்கடைக்காரர் தன் வீட்டுத் திண்ணையில் பாய் விரித்துக் கொடுத்தார். தேநீர் பத்து ரூபாய். கடைசியில் கணக்குப் பார்க்கும்போது பாதி கோப்பைகளுக்கு அவர் விலையே சொல்லவில்லை. மாமா அந்த நேரம் முழுவதும் ஓட்டுநரின் உதவியாளனோடு பேசிக்கொண்டிருந்தார். பெல்காம் பக்கத்து இளைஞன், அவனுக்குக் கால்பந்து பழக்கமில்லை. தரையில் சிறு கற்களை வைத்து, கொச்சியில் சாங்தே எப்படித் தடுப்பாட்டக்காரரின் பின்னால் ஓடினார், கிரிவெல்லாரோ ஏன் ஒரு நொடி காத்திருந்து பந்தை விட்டார் என்று அரைகுறை இந்தியில் விளக்கினார். இறுதிப்போட்டிக்கு அவர் ஒரு கல்லைக்கூட நகர்த்தவில்லை. துக்கத்தை மறைக்கிறாரோ என்று முதலில் எனக்குத் தோன்றியது. கவனித்துக் கேட்டபோது அப்படி இல்லை என்று புரிந்தது. அவருக்குச் சொல்வதற்கு அவ்வளவு இருந்தது. பதினெட்டு லீக் ஆட்டங்களும் அரையிறுதிகளும் சேர்ந்த பருவத்தில் நேற்றைய தொண்ணூறு நிமிடங்களின் முறை இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

இரவு ஹூப்ளியில் இறங்கியபோது பசி கண்ணைக் கட்டியது. பொரியில் வெங்காயமும் புளிக்கரைசலும் சேர்த்துப் பிசைந்த கிர்மிட், கூடவே சுடச்சுட மிளகாய் பஜ்ஜி; இரண்டும் சேர்த்து நாற்பது ரூபாய்.

மார்ச் 16, திங்கள் – பெங்களூரு, சென்னை

கர்நாடகத்தில் திரையரங்குகளையும் வணிக வளாகங்களையும் ஒரு வாரத்துக்கு மூடியிருப்பதால் பெங்களூரு ரயில் நிலையத்தில் வழக்கமான நெரிசல் இல்லை. பயணிகள் ஒருவருக்கொருவர் ஓர் இருக்கை விட்டு அமர்ந்தார்கள். யாராவது இருமினால் பெட்டியே திரும்பிப் பார்த்தது. ஐபிஎல் போட்டிகளும் ஏப்ரல் நடுப்பகுதிக்குத் தள்ளிப்போயிருக்கின்றன. அடுத்து எப்போது ஓர் அரங்கத்துக்குள் உட்காருவோம் என்று யாராலும் சொல்ல முடியாத நிலை.

மாமா பெபிங்காவைப் பிரித்து எதிர் இருக்கைக்காரருக்கும் நீட்டினார். அவர் தயங்கி, பிறகு எடுத்துக்கொண்டார். ஜெர்சியைப் பார்த்துவிட்டு, அணி தோற்றுவிட்டதாமே என்று கேட்டார். ஆம், கொல்கத்தா நன்றாக ஆடியது என்று மாமா சொன்னார். ஆட்டத்தின் போக்கைக் கிராஸ்பாரில் பட்ட பந்திலிருந்து தொடங்கி நேர்மையாக விவரித்தார். நேற்று தொடாமல் விட்டதை இன்று அவராகவே எடுத்துப் பேசியது எனக்கு நிம்மதியாக இருந்தது.

பிறகு எங்களுக்குள் விவாதம் தொடங்கியது. இந்தப் பருவத்தின் சிறந்த இரவு, நவம்பரில் ஹைதராபாத்தை வென்றதுதான் என்பது மாமாவின் கட்சி. அந்தக் கோல் விழாமல் இருந்திருந்தால் பின்னால் வந்த எதுவும் வந்திருக்காது என்கிறார். நான் கொச்சியைச் சொன்னேன். அன்று ஓக்பெச்சே ஒருவரே எங்களுக்கு எதிராக மூன்று கோல் அடித்தும், கிரிவெல்லாரோவும் வால்ஸ்கிஸும் சாங்தேயும் ஆளுக்கு இரண்டு அடித்துப் பதில் சொன்ன ஆட்டம் அது. பயம் என்பதே அந்த அணிக்கு அன்று இல்லை. முதல் கோலின் மதிப்பை நான் குறைக்கிறேன் என்று மாமா சொன்னார். கொச்சி ஆட்டத்தை அவர் பாதியில்தான் பார்க்கத் தொடங்கினார் என்பதை நான் எடுத்துச் சொன்னேன். எதிர் இருக்கைக்காரர் இரு தரப்பையும் கேட்டுவிட்டு மாமாவின் பக்கம் சாய்ந்தார். ஜோலார்பேட்டை தாண்டி, காட்பாடியில் காபி வாங்கிக் குடித்து, அரக்கோணம் வந்த பிறகும் நான் கொச்சியை விட்டுக்கொடுக்கவில்லை.